விர்ச்சுவல் மெஷின் திறக்கவில்லையா? பழுது எந்த அடுக்கில் என்று முதலில் பாருங்கள்

கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் அச்சகங்களிலும், மஞ்சக்குப்பத்துக் கணக்கு அலுவலகங்களிலும், புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைச் சிறு நிறுவனங்களிலும் ஏதாவது ஒரு விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம்; நிஜக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குள் 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு ஒத்துவராத பழைய தமிழ் எழுத்துருக்கள், பல ஆண்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. புதிய கணினியில் நேரடியாக ஏற்ற டிரைவர் கிடைக்காது. அதனால் விஎம் ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். இன்னும் சில இடங்களில் லினக்ஸ் சர்வரில் கேவிஎம், சில இடங்களில் விஎம்வேர், ஹைப்பர்-வி. எதுவானாலும் ஒரு நாள் காலை அது திறக்காது.

“டிஸ்க் கெட்டுவிட்டது, சரிசெய்யும் கட்டளை என்ன?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கட்டளைக்கு முன்னால் இடம் தெரிய வேண்டும். அடியில் இருப்பது நிஜமான ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. அதன்மேல் விடிஐ, விஎம்டிகே, விஎச்டிஎக்ஸ், க்யூகவ்2 என்று ஏதோ ஒரு வடிவத்தில் இமேஜ் கோப்பு. அந்தக் கோப்புக்குள், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை: விண்டோஸில் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் பெரும்பாலும் இஎக்ஸ்டி4. அதற்கும் உள்ளே டேலி, மைஎஸ்க்யூஎல் போன்ற மென்பொருளின் தரவு. இந்த நான்கில் எது பழுதோ அதைத்தான் தொட வேண்டும்; எப்போதும் அடியிலிருந்து மேலே போக வேண்டும். அடியில் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே செக்டிஸ்க் (விண்டோஸில் கோப்பு முறைமையைச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டினால், அது தவறாகப் படித்ததை உண்மை என்று நம்பி, அதற்கேற்ப மீதியையும் திருத்தி எழுதிவிடும். பழுதுநீக்கும் கட்டளைகள் எல்லாமே எழுதும் கட்டளைகள்தான். அவற்றுக்குத் திரும்பும் வழி கிடையாது.

எதையும் தொடுவதற்கு முன்

விஎம்மை அணையுங்கள். (தானே நின்றுபோன விஎம்முக்கும், ஓடிக்கொண்டே எழுத மறுக்கும் லினக்ஸுக்கும் இது பொருந்தாது, அவை கீழே தனியாக வருகின்றன.) ஸ்டார்ட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாக நடப்புப் பதிவுக்கோப்பையும் பழையவை மூன்றையும் மட்டுமே வைத்திருக்கும். ஆத்திரத்தில் நான்கைந்து முறை ஸ்டார்ட் செய்தால், முதல் பிழை பதிவான கோப்பே அழிந்துவிடும். ஆகவே முதலில் ‘லாக்ஸ்’ கோப்புறையை வேறிடத்தில் நகலெடுங்கள்.

பிறகு விஎம் இருக்கும் முழுக் கோப்புறையையும் வேறு ஒரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மிகப் பெரிய கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும். நகல் சரியாக 4 ஜிபியில் நின்று பிழை காட்டினால் பயப்பட வேண்டாம். வெளி டிஸ்க் எஃப்ஏடி32 வடிவில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிய வேறு டிஸ்க்கை எடுங்கள். நகல் வேறெங்காவது, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றால், நேராக ‘நகலெடுப்பு பாதியில் நிற்கிறது’ என்ற பகுதிக்குப் போங்கள்.

இனி சொல்லும் எதையும் நகலின் மேல்தான் செய்ய வேண்டும். “நகலெடுக்க இடமில்லை சார், நேராகச் செய்துவிடுங்கள்” என்று கேட்பவர்களிடம் நான் வேலையையே தொடுவதில்லை.

‘திறக்கிறது, ஆனால் சமீபத்திய வேலை எதுவும் இல்லை’

கெட்டுப்போன டிஸ்க் என்று அழைக்கப்படுவதில் இதுதான் மிகவும் ஏமாற்றும் அறிகுறி. விண்டோஸ் அழகாகத் திறக்கும். பிழைச் செய்தி ஒன்றும் இருக்காது. ஆனால் கோப்புகள் ஏதோ ஒரு பழைய தேதியோடு நின்றுபோயிருக்கும். ஓர் அச்சக உரிமையாளர் சொன்னது: “ஆவணி முகூர்த்தத்துக்கு அடித்த பத்திரிகை ஒன்றுகூட இல்லை தம்பி. போன வருடத்துக்கே போய்விட்டது.” நான் கேட்டது ஒன்றுதான். “அண்ணே, கணினி மாற்றினீர்களா?” மாற்றியிருந்தார்.

நடந்தது இது. எப்போதோ யாரோ அந்த விஎம்மில் ஒரு ஸ்னாப்ஷாட் (பின்னால் திரும்பிவர அந்த நேரத்து நிலையைக் குறித்துவைப்பது) எடுத்திருக்கிறார்கள். அந்த நொடியிலிருந்து அடித்தள விடிஐ கோப்பு உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதப்படும் ஒவ்வொன்றும் ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ என்ற கோப்புறைக்குள், வளைந்த அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணெழுத்துப் பெயர் கொண்ட வேறொரு விடிஐ கோப்புக்குள் போகும். புதிய கணினிக்கு மாற்றியவர், அந்தப் புரியாத பெயர்களைக் குப்பை என்று நினைத்து, பெரிய கோப்பை மட்டும் எடுத்துவந்து, அதை வைத்துப் புதிய விஎம் உருவாக்கியிருக்கிறார். எனவே ஸ்னாப்ஷாட் எடுத்த நாளின் விண்டோஸ் திறக்கிறது.

செய்ய வேண்டியது: அந்த விஎம்மில் எதையும் சேமிக்காமல் அணையுங்கள். பழைய கணினியை யாருக்கும் கொடுக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். அதிலிருந்து முழுக் கோப்புறையையும் கொண்டுவந்து, விர்ச்சுவல்பாக்ஸில் ‘நியூ’ என்பதற்குப் பதிலாக ‘ஆட்’ என்பதை அழுத்தி, விபாக்ஸ் என்று முடியும் அமைப்புக் கோப்பைத் திறங்கள். எந்தக் கோப்பு எதன் கிளை என்ற வம்சாவளி அதற்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பு சிதைந்திருந்தால், பக்கத்திலேயே ‘விபாக்ஸ்-ப்ரெவ்’ என்று முடியும் முந்தைய பதிப்பு இருக்கும். அதன் பெயரை மாற்றிப் பயன்படுத்தலாம்.

பழைய கணினியும் போய்விட்டது, ஸ்னாப்ஷாட் கோப்பு ஒரு வெளி டிஸ்க்கில் தப்பியிருக்கிறது, அடித்தளக் கோப்போ புதிய கணினியில் சில நாள் ஓடிவிட்டது என்றால் நிலைமை கடினம். கிளைக்கோப்பில் இருப்பது அடித்தளத்தோடு ஒப்பிட்ட வேறுபாடுகள் மட்டுமே. அடித்தளம் மாறிவிட்டதால் விர்ச்சுவல்பாக்ஸ் இணைக்க மறுக்கும். ‘விபாக்ஸ்மேனேஜ் இன்டர்னல்கமாண்ட்ஸ்’ என்பதன் கீழ் அடையாள எண்ணை மாற்றி வலுக்கட்டாயமாக இணைக்க வழி இருக்கிறது. ஆனால் அப்படி இணைத்த டிஸ்க்கை ஒருபோதும் பூட் செய்யாதீர்கள். வேறொரு நல்ல விஎம்மில் இரண்டாவது டிஸ்க்காகச் சேர்த்து, படிக்க மட்டும் வைத்து, வேண்டிய கோப்புகளை எடுத்துக்கொண்டு தூக்கிப்போடுங்கள். எடுத்த கோப்பு ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். பெயரும் அளவும் சரியாக இருந்து உள்ளே குப்பை இருக்கக்கூடும்.

எல்லாம் மீண்டபின் அந்தச் சங்கிலியை ஒரே கோப்பாக்குவது நல்லது. ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் இரண்டும் ஒன்றாக இணையும். ஆனால் இணைப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் இரண்டும் பாதியில் நிற்கும். ‘விபாக்ஸ்மேனேஜ் க்ளோன்மீடியம்’ கொண்டு கடைசிக் கிளையை முழு டிஸ்க்காகப் படியெடுப்பதையே நான் விரும்புவேன். அது பழையதைத் தொடுவதில்லை.

‘திறக்கவே மாட்டேன் என்கிறது, ஏதோ ஆங்கிலத்தில் சொல்கிறது’

அந்த ஆங்கிலத்தைப் படியுங்கள். பல சமயம் டிஸ்க்கில் கோளாறே இருக்காது.

‘லாக்’ என்ற சொல் இருந்தால், கோப்பை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். விஎம்வேரில் மின்தடைக்குப் பிறகு ‘எல்சிகே’ என்று முடியும் பூட்டுக் கோப்புறை அப்படியே கிடக்கும். வேறெந்த விஎம்வேர் செயலும் ஓடவில்லை என்று டாஸ்க் மேனேஜரில் உறுதிசெய்துவிட்டு அதன் பெயரை மாற்றினால் போதும். கேவிஎம்மில் எழுதும் பூட்டு கிடைக்கவில்லை என்றால் அதே இமேஜை இன்னொரு விஎம் திறந்திருக்கிறது. பூட்டைத் தாண்டிப் போக வழி தேடாதீர்கள். என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டும் ஒரே நேரத்தில் இருவர் எழுதுவதற்காக உருவாக்கப்பட்டவை அல்ல. சில நிமிடங்களில் நிஜமாகவே சிதைந்துவிடும்.

‘ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்’ என்று விர்ச்சுவல்பாக்ஸ் சொன்னால், நீங்கள் எடுத்த நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே அடையாள எண் இருக்கிறது என்று பொருள். மூலத்தைப் பட்டியலிலிருந்து விலக்குங்கள். அப்போது வரும் பெட்டியில் கோப்பை அழிக்கும் தேர்வைத் தொடாதீர்கள், பட்டியலிலிருந்து மட்டும் நீக்குங்கள்.

விஎம்வேர் ‘பேரண்ட் விர்ச்சுவல் டிஸ்க் ஹாஸ் பீன் மாடிஃபைட்’ என்றால் மேலே சொன்ன அதே ஸ்னாப்ஷாட் சிக்கல். விஎம்டிகே விவரக் கோப்பில் ‘சிஐடி’ என்றும் ‘பேரண்ட்சிஐடி’ என்றும் இரண்டு வரிகள் இருக்கும். கிளையின் பேரண்ட்சிஐடி, அடித்தளத்தின் சிஐடியோடு பொருந்த வேண்டும். நோட்பேடில் திருத்திவிடலாம்தான். அடித்தளத்தில் உண்மையில் எதுவும் எழுதப்படாமல் எண் மட்டும் மாறியிருந்தால் இது சரியான மருந்து. எழுதப்பட்டிருந்தால் திருத்தம் பிழைச் செய்தியை மட்டும் மறைக்கும்.

க்யூகவ்2 இமேஜில் ‘கரப்ட்’ என்று குறியிடப்பட்டு எழுத மறுத்தால், விஎம் அணைந்திருக்கும்போது ‘க்யூஎம்யூ-இமேஜ் செக்’ ஓட்டுங்கள் (கட்டளையில் ‘இமேஜ்’ என்பதை ‘ஐஎம்ஜி’ என்று சுருக்கித் தட்ட வேண்டும்). அது இரண்டு வகையாகச் சொல்லும். ‘லீக்’ என்பது வீணாகும் இடம்; ஆபத்தில்லை, ‘-ஆர் லீக்ஸ்’ போதும். ‘கரப்ஷன்’ என்பதுதான் ஆபத்து. ‘-ஆர் ஆல்’ அதற்கு உண்டு; நகலில் மட்டும். இதே கட்டளை விடிஐ, விஎம்டிகே, விஎச்டிஎக்ஸ் கோப்புகளையும் சோதிக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

ஹைப்பர்-வியில் ‘ஏவிஎச்டிஎக்ஸ்’ கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். அவைதான் அங்கே கிளைகள்.

‘ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று தானே நின்றுவிட்டது’

திரையில் ‘பாஸ்டு’ என்று தெரிகிறதா? ஹைப்பர்-வியில் ‘பாஸ்டு-கிரிட்டிகல்’ என்று வரும். ஹோஸ்டின், அதாவது விஎம்மைச் சுமக்கும் நிஜக் கணினியின், டிஸ்க் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். வளரும் இமேஜ் 20 ஜிபியில் தொடங்கி 80 ஜிபிவரை போகலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு, அதே டிஸ்க்கில் படங்களையும் நிரப்பினால் ஒரு நாள் இடிக்கும். நல்ல வேளையாக மென்பொருள் எழுத முடியாத நிலையில் விஎம்மை நிறுத்திவைக்கிறது.

இங்கே பவர் ஆஃப் செய்வதுதான் கேடு. எழுதக் காத்திருப்பவை உள்ளே நினைவகத்தில் இருக்கின்றன. ஹோஸ்டில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள், திரைப்படங்களை வேறிடம் மாற்றுங்கள், சில ஜிபி இடம் விட்டு ‘ரெஸ்யூம்’ கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். இடத்துக்காக ஸ்னாப்ஷாட்டை இப்போது நீக்காதீர்கள். இணைக்கும் வேலைக்கே முதலில் கூடுதல் இடம் வேண்டும்.

லினக்ஸ்: கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’

‘அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி; ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி’ என்ற வரி அதற்குச் சற்று மேலே இருக்கும். மின்தடைக்குப் பிறகு பெரும்பாலும் இதுதான்.

அந்தத் திரையிலேயே ‘எஃப்எஸ்சிகே -ஒய்’ அடிக்கச் சொல்லி ஊரெல்லாம் அறிவுரை கிடைக்கும். எஃப்எஸ்சிகே, லினக்ஸில் கோப்பு முறைமையைச் சரிசெய்யும் கட்டளை; ‘-ஒய்’, அது கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று பதில் சொல்வது. அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. லினக்ஸ் நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை விஎம்மின் சிடி டிரைவில் வைத்து அதிலிருந்து பூட் செய்து, ‘இ2எஃப்எஸ்சிகே -எஃப் -என்’ ஓட்டுங்கள். ‘-என்’ படிக்க மட்டும் செய்யும், எதையும் எழுதாது. பத்துப் பதினைந்து வரி வந்தால், அதிலும் வெற்று பிளாக் எண்ணிக்கை, சொந்தமில்லாத ஐனோடு என்ற வகையாக இருந்தால், தாராளமாக ‘-ஒய்’ கொடுக்கலாம். திரை ஓடிக்கொண்டே இருந்தால் கையை எடுங்கள். அவ்வளவு சேதம் மின்தடையால் மட்டும் வராது. ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறிக்கும் பதிவேடு) இருக்கும் இஎக்ஸ்டி4 அத்தனை எளிதில் சிதைவதில்லை. அடியில் டிஸ்க்கோ இமேஜோ போயிருக்கிறது.

சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) படிக்க முடியவில்லை என்றால் அதற்கு மாற்றுப் பிரதிகள் உண்டு. 4 கேபி பிளாக் அளவில் முதல் மாற்று 32768-ஆம் பிளாக்கில், அடுத்தது 98304-இல். ‘இ2எஃப்எஸ்சிகே -பி 32768’ என்று கொடுத்தால் அதை வைத்துத் தொடங்கும். இந்த ‘பி’, பேக்கப் என்ற சொல்லின் முதலெழுத்து. தானாகத் திருத்தும் இன்னொரு ‘பி’ ஆங்கிலத்தில் வேறு எழுத்து. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முடிந்ததும் கட்டளை திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். 0 பிழையில்லை, 1 திருத்தப்பட்டது, 4 திருத்தப்படாத பிழை மீதமிருக்கிறது. பெயரிழந்த கோப்புகள் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ கோப்புறையில் எண்களாகக் கிடக்கும். ‘ஃபைல்’ கட்டளை ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லிவிடும்.

கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் என்றால் எஃப்எஸ்சிகே பயன்படாது. முதலில் மவுண்ட் செய்து பாருங்கள். நிலுவையில் இருக்கும் பதிவுகளை அது அப்போதுதான் நிறைவேற்றும். அதற்குப் பிறகே ‘எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்’. பெரிய எழுத்து ‘எல்’ தேர்வு அந்தப் பதிவுகளையே அழித்துவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

லினக்ஸ்: ஓடுகிறது, ஆனால் ‘ரீட்-ஒன்லி’ என்கிறது

பிழை கண்டதும் மேலும் கெடாமல் இருக்க இஎக்ஸ்டி4 தன்னைப் பூட்டிக்கொண்டது. ரீபூட் செய்யாதீர்கள், மறுபடி எழும் என்று உறுதியில்லை. ‘ரீமவுண்ட்’ செய்து எழுதவைக்கவும் வேண்டாம். படிக்க முடிகிற இந்த நேரத்தில் தேவையானவற்றை ‘எஸ்சிபி’ கொண்டு வேறு கணினிக்கு இழுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் இன்னும் பதில் சொன்னால் அதன் டம்பையும் (தரவு முழுவதையும் கொட்டி எடுத்த கோப்பு) நெட்வொர்க் வழியாக வெளியே எடுங்கள்.

பிறகு ‘டிமெசேஜ்’ வெளியீட்டில் (தட்டும்போது ‘டிமெஸ்ஜி’) முதல் பிழை எது என்று தேடுங்கள். கடைசிப் பிழை உதவாது. முதலில் ‘ஐ/ஓ எரர்’ வந்து அதற்குப் பிறகு ‘இஎக்ஸ்டி4-எஃப்எஸ் எரர்’ வந்திருந்தால் கோளாறு கீழே, ஹோஸ்ட் டிஸ்க்கில். ‘ஐ/ஓ எரர்’ எதுவும் இல்லாமல் இஎக்ஸ்டி4 மட்டும் புலம்பியிருந்தால் சிதைவு கோப்பு முறைமையில். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

விண்டோஸ்: நீலத்திரை

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரை உடனே மறைந்தால் கைப்பேசியில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள்.

0x7பி என்றால், அதிலும் விஎம்மை வேறு கணினிக்கோ வேறு மென்பொருளுக்கோ மாற்றியபின் வந்தால், டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. டிஸ்க்கை இணைக்கும் கன்ட்ரோலர் மாறியிருக்கிறது. எக்ஸ்பியில் எஸ்ஏடிஏ ஏஹெச்சிஐ டிரைவர் இயல்பாகக் கிடையாது. ‘ஸ்டோரேஜ்’ அமைப்பில் டிஸ்க்கை எஸ்ஏடிஏவிலிருந்து எடுத்து ஐடிஇயில் மாட்டினால் பூட் ஆகும். இதைச் சிதைவு என்று எண்ணி மறுபடி எக்ஸ்பி நிறுவி, எழுத்துருக்களை எல்லாம் இழந்தவர்கள் உண்டு.

0xஇடி அல்லது 0x24 என்றால் என்டிஎஃப்எஸ் பக்கம் பார்க்க வேண்டும். நிறுவும் ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்து மீட்புத் திரைக்குப் போங்கள். எக்ஸ்பியின் ரெகவரி கன்சோலில் ‘செக்டிஸ்க் /பி’. விண்டோஸ் 7 முதல் ‘செக்டிஸ்க் /எஃப்’. மீட்புத் திரையில் சி டிரைவ் சில சமயம் டி ஆகத் தெரியும். ‘டிஐஆர்’ அடித்து, விண்டோஸ் கோப்புறை எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

‘/ஆர்’ தேர்வு கெட்ட செக்டர்களைத் தேடிக் குறித்துவைக்கும். விஎம்முக்குள் அந்தத் தேடலுக்குப் பொருளில்லை. உள்ளே தெரியும் செக்டர் கற்பனையானது. நாளை இந்த இமேஜைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றினாலும் ‘கெட்டது’ என்ற குறி மட்டும் ஒட்டிக்கொண்டே வரும். கெட்ட செக்டரை ஹோஸ்டில் தேட வேண்டும்.

நகலெடுப்பு பாதியில் நிற்கிறது, ஹோஸ்டே தடுமாறுகிறது

இப்போது விஎம்மை மறந்துவிடுங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ ஓட்டி, 5, 197, 198, 199 என்ற எண்ணுள்ள நான்கு வரிகளைப் பாருங்கள். 5, 197, 198 ஆகியவற்றின் மூல மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்து, நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. என்விஎம்இ எஸ்எஸ்டியில் இந்த எண்கள் இருக்காது. ‘மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ என்ற வரி பூஜ்யமாக இருக்க வேண்டும்.

199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறைசொல்லாதீர்கள். அது கேபிளில் நடக்கும் பிழை. தேவனாம்பட்டினம் பக்கத்துக் கடைகளிலும் புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். உப்புக்காற்றில் கேபினெட்டின் திருகுகள் துருப்பிடித்திருக்கும். கேபிளைக் கழற்றினால் முனையில் மங்கலாக ஏதோ பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். புதிய கேபிள் மாட்டுங்கள். 199 குறையாது, ஏறாமல் நின்றால் சரி.

டிஸ்க்கே போகிறது என்றால் சாதாரண நகலெடுப்பை நிறுத்துங்கள். கெட்ட இடத்தில் முட்டிமுட்டி டிஸ்க்கை அது இன்னும் வேகமாகக் கொல்லும். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து ‘டிடிரெஸ்க்யூ’ பயன்படுத்துங்கள். முதல் சுற்றில் ‘-என்’. எளிதாகப் படிக்க முடிவதை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் ‘-டி -ஆர்3’. விட்டுப்போன இடங்களைச் சுரண்டிப் பார்க்கும். இரண்டுக்கும் ஒரே மேப் கோப்பைக் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் துணை. மீட்ட இமேஜில் படிக்க முடியாமல் போன இடங்கள் பூஜ்யங்களாக இருக்கும். அதற்கு மேல் இமேஜ் சோதனை, அதற்கும் மேல் கோப்பு முறைமைச் சோதனை என்று ஏறுங்கள்.

டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சீராக ஒலி வந்தால் இதில் எதையும் செய்யாமல் மின்சாரத்தைத் துண்டியுங்கள். அது சுத்த அறையில் திறந்து பார்ப்பவர்களின் வேலை.

‘எல்லாம் திறக்கிறது, கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை’

செக்டிஸ்க்கும் எஃப்எஸ்சிகேவும் கோப்பு முறைமையின் கட்டமைப்பை மட்டுமே சரிபார்க்கின்றன. கோப்புக்குள் இருப்பது சரியா என்று அவற்றுக்குத் தெரியாது. ஆகவே ‘பிழை இல்லை’ என்ற முடிவை நம்பி நிற்காதீர்கள். டேலியில் நிறுவனத்தின் தரவுக் கோப்புறையை நகலெடுத்துவிட்டு, பழைய பதிப்பில் ‘ரீரைட்’, டேலி பிரைமில் ‘ரிப்பேர்’ ஓட்டுங்கள். பிறகு ஆடிட்டரிடம் கடைசியாகக் கொடுத்த டிரையல் பேலன்ஸை எடுத்து, அந்தத் தேதி வரையிலான தொகைகளை ஒப்பிடுங்கள்.

மைஎஸ்க்யூஎல் எழவில்லை என்றால் ‘இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி’ மதிப்பை 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எழுந்ததும் டம்ப் எடுங்கள், புதிய டேட்டாபேஸில் ஏற்றுங்கள். 4-ஐ எட்டினாலே தரவு நிரந்தரமாகச் சிதையலாம். மீட்புக்காக வைத்த அந்த மதிப்போடு அன்றாட வேலையை ஓட்டாதீர்கள்.

‘சரிசெய்தோம், மறுபடி அதே’

ஒரே விஎம் மாதம் ஒருமுறை கெடுகிறது என்றால், நாளிதழில் வரும் ‘நாளை மின்நிறுத்தம்’ அறிவிப்புகளோடு அந்தத் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பராமரிப்பு மின்நிறுத்தம் சொல்லிவிட்டுத்தான் வருகிறது; அன்று காலை விஎம்மை முறையாக அணைத்துவைக்கலாம். சொல்லாமல் போகும் கரண்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அதன் பின்புறம் அல்லது பக்கவாட்டில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் ‘யூபிஎஸ்’, மறுபக்கம் ‘நார்மல்’ அல்லது ‘ஈகோ’. நார்மலில் இருந்தால் மின்விசிறிக்குத் தெரியாத இடைவெளி கணினிக்குத் தெரியும், ரீஸ்டார்ட் ஆகிவிடும். சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளுவதற்குப் பைசா செலவில்லை.

அடுத்தது விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பு அமைப்பு. உள்ளே இருக்கும் விண்டோஸ் “இதை உடனே டிஸ்க்கில் எழுது” என்று ஆணையிட்டாலும், வேகத்துக்காக விர்ச்சுவல்பாக்ஸ் அந்த ஆணையை வழக்கமாகப் பொருட்படுத்துவதில்லை. கையேட்டில் ‘இக்னோர்ஃப்ளஷ்’ என்ற பெயரில் இது விளக்கப்பட்டிருக்கிறது. மதிப்பை 0 ஆக்கினால் ஆணையை மதிக்கும். ஐடிஇ கன்ட்ரோலரில் ‘யூஸ் ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ்’ இயல்பாகவே தேர்வாகியிருக்கும், அதையும் எடுத்துவிடலாம். வேகம் கொஞ்சம் குறையும். பத்திரிகை வடிவமைக்கும் எக்ஸ்பிக்கு அது பொருட்டே இல்லை. கேவிஎம்மில் கேஷ் ‘அன்சேஃப்’ என்று யாராவது வைத்திருந்தால் உடனே ‘நன்’ அல்லது ‘ரைட்பேக்’ ஆக்குங்கள். நிறுவும்போது வேகத்துக்காக வைத்து, மாற்ற மறந்திருப்பார்கள்.

ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறைக்குள் விஎம்மை வைக்காதீர்கள். வைரஸ் எதிர்ப்பு மென்பொருளில் அந்தக் கோப்புறைக்கு விலக்கு கொடுங்கள். யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்தே விஎம்மை ஓட்டுபவர்கள் யாராவது கேபிளில் கால் இடறும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் இந்தக் கடற்கரையில் தனிக் கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மேசைக்கு அடியில் கேபினெட், கேபினெட்டின் மேல் பேக்கப் டிஸ்க் என்றிருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று எண்ணுபவர்களுக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை. அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஐப்பசி பிறப்பதற்குள், அணைத்த நிலையில் எடுத்த முழுக் கோப்புறையின் நகல் ஒன்றை வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். அதை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

மின்சாரம் சரி, கேபிள் சரி, டிஸ்க் புதியது, அமைப்புகளும் சரி. இன்னும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோப்புகள் சிதைகின்றன என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொன்றும் அதன் வழியாகத்தான் போகிறது. மெம்டெஸ்ட்86+ பென்டிரைவில் பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்து, பழுதானதை மாற்றுங்கள். அதற்குப் பிறகு விஎம்மைப் பழைய நகலிலிருந்து மீட்டு வையுங்கள்; பழுதான ரேமில் ஓடிய இமேஜைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம்.